ஏற்றமும் இறக்கமும்

திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்குப் பாதயாத்திரை செல்வோர் 3,500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறுகிறார்கள். தரிசனம் முடிந்து இறங்கி வருவதை எவரும் தோல்வியாகக் கருதுவதில்லை. பங்குச்சந்தையின் இறக்கம் மட்டும் மனிதனை ஏன் இவ்வளவு நிலைகுலையச் செய்கிறது?

2008 ஜனவரியில் சென்செக்ஸ் குறியீட்டெண் 21,000-ஐத் தாண்டியது. அக்டோபரில் 9,000-க்கும் கீழே வீழ்ந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. இருமுறையும் சந்தை பின்னர் மீண்டது. ஆனால் கடன் வாங்கி முதலிட்டவனுக்கு அதுவரை காத்திருக்க அவகாசம் ஏது?

ஆயிரம் ரூபாய் வந்தால் தோன்றும் மகிழ்ச்சியைவிட, அதே ஆயிரம் போனால் எழும் வேதனை பெரிது. டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் 1979-இல் இதனை விளக்கினர். ஆகவே, கைப்பேசியில் நிமிடத்திற்கொருமுறை விலை பார்ப்பவன், வேதனையையே மீண்டும் மீண்டும் விலைக்கு வாங்குகிறான்.

அப்படியானால் பங்குகளே தீயவையா? இல்லை. பங்குகளையும் காணிக்கையாகப் பெறுவதற்காகத் திருமலை திருப்பதி தேவஸ்தானமே 2015-இல் டிமேட் கணக்கு தொடங்கியது. குறை பொருளில் இல்லை. அதனை நாடும் மனப்பான்மையில் இருக்கிறது.

சித்தூர் மா விவசாயியும் விலை வீழ்ச்சியை அறிந்தவரே. 2025-இல் தோதாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, அரசு கிலோவுக்கு 4 ரூபாய் உதவித்தொகை அறிவிக்க நேர்ந்தது. அவரது துன்பம் கடுமையானது. எனினும் அவர் பந்தயம் கட்டவில்லை, உழைத்தார். அடுத்த பருவத்திற்கு மரம் நிற்கிறது. முன்பேர வணிகத்திலோ கெடு முடிந்தபின் எஞ்சுவது ஒன்றுமில்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்ததாக செபி தெரிவித்தது.

'லாபத்தையும் நஷ்டத்தையும் சமமாகக் கொள் என்று கீதை கூறுகிறதே. ஆகவே நான் துணிந்து இறங்குகிறேன்' என்பார் உண்டு. அந்த உபதேசம் கடமையிலிருந்து பின்வாங்கிய அர்ஜுனனுக்கு அருளப்பட்டது, சூதாடுபவனுக்கு அன்று. தோற்றதை மீட்கத் தம்பியரையும் பணயம் வைத்த தருமனின் கதையும் அதே மகாபாரதத்தில்தான் இருக்கிறது. குழந்தையின் கல்விக்கான பணத்தைப் பணயம் வைத்துவிட்டுச் சமநிலை பேசுவது ஆன்மிகமாகாது. உண்மையான சமநிலை, எவ்வளவு இழந்தால் குடும்பம் தாங்கும் என்று முன்கூட்டியே வரம்பிடும் விவேகத்தில் தொடங்குகிறது.

ஏற்கெனவே இழந்து தவிப்பவருக்கு உபதேசம் மருந்தாகாது. அவரருகில் அமருங்கள். கடன் கணக்கை மறைக்காமல் எழுத உதவுங்கள். உறக்கமின்மையும் உயிரை வெறுக்கும் எண்ணமும் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. பணத்தை இழந்தவர் தம்மை இழந்துவிடவில்லை. இதனை அவருக்குச் சொல்லால் அன்றி, உடனிருந்து உணர்த்துவதே நம் தர்மம்.