நேராத தீங்கும் நேர்ந்த குற்றமும்

குற்றத்தை அதனால் விளைந்த தீங்கைக் கொண்டு அளந்தறிவதே மனித சமுதாயத்தின் நெடுநாளைய வழக்கமாகும். களவுக்கு இழந்தவன் சாட்சி. கொலைக்கு இறந்தவன் சாட்சி. முறையிடுபவனும் முறையீட்டுக்குரிய இழப்பும் உள்ளவிடத்தே நீதி தன் பணியைத் தொடங்குகின்றது. ஆயின், எவருக்கும் எத்தீங்கும் நேராதவிடத்துக் குற்றம் என ஒன்று இருத்தல் கூடுமா? இருப்பின், அதனை எவ்வளவுகோல் கொண்டு அளப்பது? வகுப்பறை வினாப்போலத் தோன்றும் இது, அணுமின் நிலையங்களிலே தவறாகப் பொருத்தப்பட்ட பாதுகாப்புச் சாதனங்கள் தொடர்பாகக் கடந்த அரை நூற்றாண்டுக் காலமாக நடைமுறை வினாவாகவே எழுந்து நிற்கின்றது.

பாதுகாப்புச் சாதனம் ஏனைய இயந்திரங்களினின்றும் வேறுபட்ட இயல்புடையது. மின்னாக்கி தவறாகப் பொருத்தப்பட்டால் அன்றே மின்சாரம் வாராது; தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆனால் பூமியதிர்ச்சியைத் தாங்கவேண்டிய ஒரு முட்டோ, விபத்தின்போது மட்டும் திறக்கவேண்டிய ஒரு வாயிலோ முப்பதாண்டுகள் பிழையாகவே இருந்தும் ஒருவர் கண்ணிலும் படாதிருக்கலாம். அதன் தொழில் காத்திருத்தல். சரியாகப் பொருத்தப்பட்டதும் பிழையாகப் பொருத்தப்பட்டதும் எல்லா நாள்களிலும் ஒரே தோற்றம் தரும். ஒரு நாள் மாத்திரம் தராது. அந்நாள் வரும்போது திருத்துவதற்கு நேரமிராது.

இதற்குத் தக்க உதாரணமாக அமைவது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலக் கடற்கரையிலுள்ள டயப்லோ கன்யன் அணுமின் நிலையமாகும். இந்நிலையம் கட்டப்பட்டு வந்த காலத்தில், அதற்குச் சில மைல் தொலைவிலே கடலடியில் ஹொஸ்கிரி எனும் பிளவு இருப்பது தெரியவந்தது. அதனால், 7.5 அளவான பூமியதிர்ச்சியைத் தாங்கும் வண்ணம் குழாய்களின் முட்டுகளும் தாங்கிகளும் மீளக் கணிக்கப்பட்டு வலுப்படுத்தப்பட்டன. நிலையத்துக்கெதிராகப் பெரும் மறியல் நடந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்ட 1981 செப்டெம்பரிலேயே, முதலாம் உலையில் எரிபொருள் இட்டுக் குறைந்த வலுவில் இயக்கிப் பரிசோதிப்பதற்கான அனுமதிப்பத்திரத்தை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு வழங்கியது. சில நாள்களுள் ஓர் உண்மை வெளிப்பட்டது. அங்குள்ள இரண்டு உலைகளும் ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம் போன்று இடம் வலம் மாறி அமைந்தவை. முதலாம் உலையின் ஒரு பகுதிக்கான கணிப்புகள் இரண்டாம் உலையின் வரைபடத்தைக் கொண்டு செய்யப்பட்டிருந்தன! வலுவூட்டப்பட வேண்டிய இடங்கள் சில விடுபட்டிருந்தன. தேவையற்ற இடங்கள் வலுவூட்டப்பட்டிருந்தன. பிழையைக் கண்டது கம்பனியைச் சார்ந்தோரே. ஆணைக்குழுவுக்கு அறிவித்ததும் கம்பனியே. தொடர்ந்த ஆய்வில் வேறு குறைகளும் வெளிவரவே, 1981 நவம்பர் 19ஆந் திகதி ஆணைக்குழு அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தி, சுயாதீனமான மறுபரிசீலனையை வேண்டி நின்றது. முழு வலுவில் இயங்கும் அனுமதி 1984 நவம்பரிலேயே கிட்டியது.

இந்நிகழ்ச்சியை ஒழுக்கவியல் நோக்கில் ஆராயப் புகுவோர் முதலில் ஒரு திகைப்பை எதிர்கொள்வர். பூமி அதிரவில்லை. உலையில் எரிபொருளும் இடப்படவில்லை. ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இருந்ததாகவும் தெரியவில்லை. விளைவை நோக்கின் தீங்கில்லை. எண்ணத்தை நோக்கின் தீமையில்லை. அவ்வாறாயின் தவறு எங்கே உறைகின்றது?

பயன்பாட்டுவாதிகள் இதற்கொரு விடை தருவர். நேர்ந்த தீங்கை மட்டுமன்றி, நேரக்கூடிய தீங்கையும் அதன் நிகழ்தகவையும் பெருக்கிக் கணிக்க வேண்டும் என்பர். இவ்விடை பயனுள்ளதேயாயினும் முழுமையானதன்று. ஏனெனில், விபத்துக்கான நிகழ்தகவு மிகச் சிறியது என்ற கணிப்பே, சாதனங்கள் வரைபடத்திற் கண்டவாறு பொருத்தப்பட்டுள்ளன என்ற அனுமானத்தின் மீது எழுப்பப்பட்டதாகும். அவ்வனுமானம் பொய்த்தபோது கணிப்பும் உடன் பொய்த்துப் போகின்றது. எவ்வளவு ஆபத்து உண்டானது என்பதைக்கூட அறியமுடியாத நிலையே அங்கு உண்டான முதலாவது ஆபத்தாகும்.

கான்ற் வழிவந்த கடமைவாதிகளின் நோக்கு இவ்விடத்துக் கைகொடுக்கின்றது. பாதுகாப்புச் சாதனம் என்பது இரும்பாலும் கம்பியாலும் எழுதப்பட்ட ஒரு வாக்குறுதி. நிலையத்தைச் சூழ வாழும் மக்கள் அதன் வரைபடத்தைப் பார்த்தவரல்லர். பார்த்தாலும் விளங்கிக்கொள்ள வல்லவரல்லர். வாக்குறுதியை நம்பியே அவர்கள் இரவில் உறங்குகின்றனர். அனுமதிப்பத்திரம் அவ்வாக்குறுதியின் பொதுச் சாட்சியம். கட்டில்லாத கிணற்றருகே செல்பவன் எச்சரிக்கையோடு அடியெடுத்து வைப்பான். கட்டு உண்டென நம்பிச் சாய்பவனுக்கோ அவ்வெச்சரிக்கை இராது. ஆகவே பாதுகாப்பு இல்லாமையினும் பொய்ப் பாதுகாப்புக் கொடிது. அது ஆபத்தை நீக்காது, அச்சத்தை மட்டும் நீக்கி விடுகின்றது.

தீங்கின்மை குற்றமின்மையாகாது என்பதை 1983இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் சேலம் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தவை இன்னும் தெளிவாக்குகின்றன. அவ்வாண்டு பெப்ரவரி 25ஆந் திகதி, உலையைத் தானாக நிறுத்துமாறு சமிக்ஞை பிறந்தும், மின்னோட்டத்தைத் துண்டிக்கவேண்டிய இரண்டு ஆளிகளும் அசையாதிருந்தன. அரை நிமிடத்துள் இயக்குநர்கள் கையால் நிறுத்தினர். பின்னர் பதிவுகளை ஆராய்ந்தபோது, மூன்று நாள்களுக்கு முன்னர், 22ஆந் திகதியும் அதே ஆளிகள் செயற்படாதிருந்தமை தெரியவந்தது. அன்று இயக்குநர் ஏறத்தாழ அதே கணத்தில் உலையைக் கையால் நிறுத்தியதால், தன்னியக்கம் பொய்த்தமை ஒருவருக்கும் புலப்படவில்லை. ஆளிகளின் பராமரிப்பும் உராய்வுநீக்கலும் உரியவாறு நடைபெறவில்லை. ஆணைக்குழு 8,50,000 டொலர் தண்டம் விதித்தது. இங்கும் எவருக்கும் காயமில்லை.

22ஆந் திகதி கம்பனி குற்றமற்றதாயிருந்து 25ஆந் திகதி குற்றவாளியாகியதா? அவ்வாறு கூறுதல் நகைப்புக்கிடமாகும். இரு நாளும் ஆளிகள் ஒரே நிலையிலேயே இருந்தன. வேறுபட்டது ஒரு மனிதனின் கை எட்டிய கணமே. ஒழுக்க மதிப்பீட்டில் தற்செயலுக்குள்ள இடத்தை 1976இல் பேணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர் விரிவாக விவாதித்தனர். ஒரே அளவு கவனயீனமுடைய இரு சாரதிகளுள் ஒருவன் எதிரே பிள்ளை ஓடிவந்தமையாற் கொலைகாரனாகவும், வீதி வெறுமையாயிருந்தமையால் மற்றவன் நல்லவனாகவும் கணிக்கப்படுகின்றனர். தீங்கு நேர்ந்த பின்னரே விழித்தெழும் சட்டம் ஊழின் ஏவலாளே அன்றி அறத்தின் காவலன் ஆகாது.

எனினும், இதற்கு எதிரான ஒரு வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. டயப்லோ கன்யனில் பிழையைக் கண்டவரும் சொன்னவரும் உள்ளிருந்தோரே. சொன்னதன் பயனாகக் கிடைத்தது இடைநிறுத்தமாயின், அடுத்த நிலையத்திற் பிழை காண்பவர் வாய்திறப்பாரா? கடுமை வளர வளர மௌனமும் வளரும் அன்றோ?

பசுவின் கண்ணீருக்கு நீதி வழங்கிய மன்னனின் கதை தமிழர்க்குப் புதியதன்று. சோழநாட்டு மனுநீதிச் சோழன் மீது அதனை ஏற்றிக் கூறுவர். எல்லாளன் மீது ஏற்றி மகாவம்சமும் கூறும். அக்கதையில் ஆராய்ச்சி மணியை அடித்தது கன்றை இழந்த பசு. அணுமின் நிலையத்திலோ கன்று இன்னும் இறக்கவில்லை. எனவே மணியடிக்கப் பசுவுமில்லை. கயிறு இருப்பது உள்ளே பணிபுரியும் பொறியியலாளரின் கையில், பற்றிணைப்போனின் கையில், பரிசோதகரின் கையில். அவர்கள் கை தளர்ந்தால் மணி ஒலிப்பது தேர் ஏறிய பின்னரே. இதனை உணர்ந்தே, குறைபாடுகளை அறிவித்தல் பொறுப்பாளரின் கடமை என 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் விதித்தது. அறிவிக்கும் ஊழியரைப் பழிவாங்கலினின்றும் காக்கும் ஏற்பாடு 1978இல் அதனோடு சேர்க்கப்பட்டது.

இச்சிக்கலுக்குத் தீர்வு, நிறுத்துதலையும் தண்டித்தலையும் வேறுபிரித்தறிவதிலேயே தங்கியுள்ளது. தண்டித்தல் குற்றத்தைச் சார்ந்தது. யார், ஏன், எவ்வளவு அறிந்து செய்தார் என்பதை வினவுவது. நிறுத்துதல் அறியாமையைச் சார்ந்தது. சாதனம் சரியாக உள்ளதா என்பது தெரியாதவரை இயக்கலாகாது என்பது. நேர்மையாளனின் பிழையும் கயவனின் பிழையும் பூமியதிர்ச்சிக்கு ஒன்றே. எனவே நிறுத்துதலில் இருவருக்குமிடையே வேற்றுமை இருத்தலாகாது. தண்டத்திலோ வேற்றுமை இருந்தே ஆகவேண்டும். தானே கண்டு, உடனே அறிவித்து, முழுமையாகத் திருத்தியவனுக்குத் தண்டம் குறையலாம், நீங்கவும் செய்யலாம். அறிந்தும் மறைத்தவனுக்கு அது முழுமையாக விழவேண்டும். 2013இல் தென்கொரியாவில், விபத்தின்போது பாதுகாப்புச் சாதனங்களுக்குச் சமிக்ஞை கொண்டுசெல்லவேண்டிய வடங்களின் பரிசோதனைச் சான்றிதழ்கள் போலியானவை எனக் கண்டறியப்பட்டது. இயங்கிக்கொண்டிருந்த இரு உலைகள் நிறுத்தப்பட்டன. தொடர்புடையோர் சிலர் சிறை சென்றனர். இங்கு நிறுத்தம் வடத்துக்காக, சிறை பொய்க்காக.

தண்டம் விலையாக மாறிவிடக் கூடாது என்பதும் கவனத்திற் கொள்ளத்தக்கது. 1979 மார்ச் 28இல் திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில் உலையின் மையம் உருகியது. திறந்திருக்கவேண்டிய அவசர நீர்வழங்கல் வாயில்கள் இரண்டு அன்று மூடிக்கிடந்தன. விபத்தைத் தொடர்ந்து ஆணைக்குழு விதித்த தண்டம் 1,55,000 டொலர். அதற்குமேல் விதிக்க அன்றைய சட்டம் இடந்தரவில்லை. 1980இல் அமெரிக்கக் கொங்கிரஸ் உச்சவரம்பை நாளொன்றுக்கு ஒரு மீறலுக்கு 1,00,000 டொலராக உயர்த்தியது. திருத்துவதற்காகும் செலவினும் தண்டம் குறைவாயின், அது தண்டமன்று. பிழையோடு இயங்குவதற்கான கட்டணமே.

இனி, ஒழுங்குறுத்துவோரின் அறம் யாது? தவறான பொருத்துகை பற்றியதன்றாயினும், ஒகையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் நிகழ்ந்தது இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது. அதையொத்த உலைகளில் வெடிப்புகள் காணப்பட்டமையால், 2001 டிசெம்பர் இறுதிக்குள் நிறுத்திப் பரிசோதிக்குமாறு பணிக்க ஆணைக்குழு அலுவலர் கருதினர். கம்பனி கால அவகாசம் கேட்டது. 2002 பெப்ரவரி நடுப்பகுதிவரை இயங்க விடப்பட்டது. மார்ச்சில் உலைக்கலத்தின் மூடியைச் சோதித்தபோது, ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட உருக்கை அமிலம் அரித்துத் தின்றிருந்தது. எஞ்சியிருந்தது அரை அங்குலமும் இல்லாத உள்ளுறை மாத்திரமே. கம்பனிக்கு நேரும் பணவிழப்பைக் குறைக்கும் விருப்பம் அம்முடிவிற் பெரும்பங்கு வகித்தது என ஆணைக்குழுவின் சொந்தத் தலைமைப் பரிசோதகரே பின்னர் அறிக்கையிட்டார். 2005இல் 54,50,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. எனினும் கொடுத்த அவகாசத்தைத் தண்டம் திரும்பப் பெற்றுத்தரவில்லை.

அவகாசம் அளித்தல் பார்வைக்கு இரக்கமாகவே தோன்றும். ஆனால், இரங்கும் உரிமை இழப்பைத் தாங்கவிருப்பவனுக்கே உரியது. கடன் கொடுத்தவன் கடனை மன்னிக்கலாம். அவனது கணக்கப்பிள்ளை மன்னிக்க இயலாது. ஒழுங்குறுத்துவோர் மக்களின் கணக்கப்பிள்ளைகள். அவர்கள் காட்டும் தாட்சண்யத்தின் செலவு முழுவதும் மற்றவர் கணக்கிலேயே எழுதப்படுகின்றது.

இதனாற் கடுமையே அறம் என முடித்தலும் தவறாகும். ஒகையோவின் சிமர் நிலையத்தில் தரக்கட்டுப்பாட்டுக் குறைகள் மலிந்தமையால் 1982 நவம்பரிற் பாதுகாப்புச் சார்ந்த கட்டுமானம் நிறுத்தப்பட்டது. பெரும்பகுதி முடிந்திருந்த அந்நிலையம் இறுதியில் நிலக்கரி நிலையமாக மாற்றப்பட்டது. நிலக்கரிப் புகைக்கும் பலியாவோர் உளர், அவர்களுக்கும் மணியடிப்பாரில்லை. அற்பமான கடதாசிப் பிழையையும் ஆபத்தான பொருத்துகையையும் ஒரே குரலிற் கண்டிக்கும் அதிகாரி இரண்டையும் மதிப்பிழக்கச் செய்கின்றார். ஆகவே, எது காக்கும் சாதனம், எது வெறும் சம்பிரதாயம் எனப் பகுத்தறியும் புலமை ஒழுங்குறுத்துவோர்க்கு இன்றியமையாதது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பாதுகாப்புச் சாதனத்தைப் பொறுத்தவரை தவறு நிறைவெய்துவது விபத்து நாளிலன்று. பிழையாகப் பொருத்தியதைச் சரியென ஒப்பமிட்ட நாளிலேயாகும். இடையிற் கழியும் ஆண்டுகள் யாவும் அறியாத மக்களிடம் இரவலாகப் பெற்ற ஆண்டுகளே. அவ்விரவலை எவரும் கேளாத முன்னரே கேட்கவேண்டியவர் ஒழுங்குறுத்துவோர். அவர் கேட்டுத் திருத்தியபின் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமையால், அவர் செய்தது வீண் கெடுபிடி என்றே பலர் கூறுவர். அப்பழியை ஏற்கத் துணிதலும் அவரது கடமையின் ஒரு கூறேயாகும்.