வேலைக்கு மட்டுமா வானம்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் விமானங்கள் தெரியும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் எங்கிருந்தோ எங்கோ போய்க்கொண்டிருக்கும். அவற்றுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தாழப் பறந்த எதையும் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு காரணங்களால்தான் பார்த்திருக்கிறோம்: ஒன்று அழிவு, இன்னொன்று அமைச்சர். 2004இல் சுனாமி தேவனாம்பட்டினத்தைப் புரட்டிப்போட்டபோதும், 2011 முடியும் தறுவாயில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று யாரோ ஒருவர் ஆசைக்கு ஓட்டிவந்த சின்ன விமானத்தை எங்கள் வானத்தில் நான் கண்டதில்லை.

ஆனால் இந்த நாட்டில் விமானம் தொடங்கியதே அப்படித்தான். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் 1910இல் சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைச் செய்யச்சொல்லிப் பறந்து காட்டினார். அவரை யாரும் பறக்கச் சொல்லவில்லை. அதனால் அவருக்கு ஆகவேண்டிய காரியமும் ஒன்றுமில்லை. 1925இல் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியின் ‘மாத்’ வந்தது. மரச்சட்டம், துணி, இரண்டு இருக்கை, இறக்கையை மடக்கி ஒரு கொட்டகையில் நிறுத்திவிடலாம். அதை நம்பி ஊருக்கு ஊர் ஃபிளையிங் கிளப்புகள் முளைத்தன. 1928இல் டெல்லியிலும் பம்பாயிலும், 1930ஐ ஒட்டிச் சென்னையிலும். ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரியில் முதல் எண் கொண்ட லைசென்ஸை வாங்கியது வேலைக்காக அல்ல, ஆசைக்காக. மூன்று ஆண்டு கழித்து அதே ஆசாமி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு புஸ் மாத்தை ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்தத் தபால் சேவைதான் வளர்ந்து ஏர் இந்தியா ஆனது. அதாவது, பொழுதுபோக்கின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான் தொழில். இன்று தாய் இருக்குமிடம் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் அந்தச் சூடு ஆறவில்லை. வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் சென்னை அரசு வாங்கிய ‘டவ்’ விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் 1958இல் ‘புஷ்பக்’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல். 90 குதிரைசக்தி இன்ஜின். இன்றைக்கு நம் தெருவில் நிற்கும் பல கார்களுக்கு அதைவிட அதிக சக்தி உண்டு. 150க்கு மேல் செய்து நாடு முழுக்கக் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். சோஷலிசம் பேசிய ஏழை நாட்டில், மானியம் கொடுத்துச் சிலரைப் பறக்கவைத்த அரசு! அது நியாயமா என்று கேட்டால், ஒரு பக்கம் நியாயமில்லைதான். அந்தச் சிலரில் பெரும்பாலோர் ராஜா வீட்டுப் பிள்ளைகளும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும். அவர்களுடைய பெட்ரோலுக்கு நம் கெடிலக்கரை விவசாயி ஏன் பணம் கட்டவேண்டும்? இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பிஸ்டன் இன்ஜினுக்கு வேண்டிய ஆவ்கேஸ் பெட்ரோலை இந்தியா நெடுங்காலம் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் அதைக் குஜராத்தில் தயாரித்து வெளியிட்டது. சின்ன விமானம் ஏறினாலும் பறப்புத் திட்டம் கொடுக்கவேண்டும், விமானப்படையிடம் அனுமதி எண் வாங்கவேண்டும். சென்னையிலிருந்து கடற்கரையோரமாகக் கடலூருக்கு வரலாம் என்று கனவு கண்டாலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். வந்தாலும் எங்கே இறங்குவது? உளுந்தூர்பேட்டை பக்கம் இரண்டாம் உலகப்போரில் போட்ட ஓடுபாதை கிடக்கிறது. சோழவரத்தில் போட்டது பல்லாண்டுகள் கார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. பஸ்ஸில் ஏறினால் போய்விடக்கூடிய நெய்வேலியில் என்.எல்.சி.யின் ஓடுபாதை உண்டு. ஒரு காலத்தில் வாயுதூத் விமான நிறுவனத்தின் குட்டி விமானங்கள் அங்கே வந்துபோயின. பணக்கார நாட்டிலும் கதை அவ்வளவு வேறல்ல. அமெரிக்காவில் 1978இல் ஒரே ஆண்டில் 17,000க்கு மேல் சிறு விமானங்கள் விற்றன. விபத்து வழக்குகளும் இன்சூரன்ஸ் செலவும் ஏறியதில் 1986இல் செஸ்னா கம்பெனி பிஸ்டன் விமானம் செய்வதையே நிறுத்திவிட்டது. 1994இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மறுபடி தொடங்கியது. பழைய எண்ணிக்கை திரும்பவே இல்லை.

இவையெல்லாம் வெளிக் காரணங்கள். உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தவன் என் தங்கை மகன். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கினான். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். வீட்டை அடமானம் வைத்த கடன் அந்த மணிகளாக மாறி அவன் லாக் புத்தகத்தில் ஏறியது. பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன்: “முதல் தடவை தனியா ஏறினியே, எப்படிடா இருந்தது?”

“நல்லா இருந்துச்சு மாமா.” கொஞ்சம் யோசித்தான். “வாத்தியார் இறங்கினதும் வண்டி லேசாயிடுச்சு. நினைச்சதைவிடச் சீக்கிரமா எழும்பிடுச்சு. கீழ கரும்பு வயல், ஒரு டிராக்டர். சத்தமா பாடினேன். யாருக்குக் கேட்கப்போவுது?”

“அப்புறம் அந்த மாதிரி?”

“அப்புறம் ஹவர்ஸ் பில்ட் பண்றதுதான். ஒரு மணி நேரம் என்ன விலைன்னு தெரியுமா மாமா? அதுல பாட்டு வேறயா?”

இப்போது அவன் பெரிய கம்பெனியில் துணை விமானி. மரியாதை உண்டு, சம்பளம் உண்டு, தங்கைக்குக் கடன் அடைகிறது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவன் பாடியதை அவன் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அது செலவுக் கணக்கில் சேராத விஷயம் என்று அவனுக்கே ஒரு கூச்சம். நம்மிடம் எதற்கும் ஒரு பயன் காட்டவேண்டியிருக்கிறது. நீச்சல் என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டா, சதுரங்கம் என்றால் கல்லூரி சீட்டு. பயன் காட்டமுடியாத ஆசையை வசதியுள்ளவன் ஒளித்து வைக்கிறான், வசதியில்லாதவன் மறந்துவிடுகிறான். பறப்பது செத்தது முதலில் இங்கேதான், பெட்ரோல் பங்கில் அல்ல என்று எனக்குப் படுகிறது. பெயரில் கிளப் என்று வைத்திருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள். இதை ஏழ்மை என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படித்தான் சொல்வேன்.

தனிப்பட்ட லைசென்ஸுக்கு 17 வயதும் பத்தாம் வகுப்பும் 40 மணி நேரமும் போதும்; உடம்பு பரிசோதனையில் தேறவேண்டும். வயதுக்கு மேல்வரம்பு இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சபலம் தட்டியது. மனைவி பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினார்.

“பையனுக்கா சார், பொண்ணுக்கா? பிளஸ் டூல மேத்ஸ், பிசிக்ஸ் இருக்கா?”

“எனக்குத்தாம்மா. சும்மா ஓட்டிப் பார்க்கலாம்னு.”

“சும்மான்னா... எந்த ஏர்லைன்ஸ் சார்?”