திருகாணி எங்கே இருக்கிறது?

ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும். சித்ரா பௌர்ணமிக்கு அதை இறைப்பார்கள். காஞ்சி வரதர் படியிறங்கி, நிலத்தடி மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பின்னாலேயே சனங்களும் இறங்குவார்கள். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஊரே பார்த்துவிடுகிற நாள் அது.

மடிக்கணினிக்கும் அப்படியொரு கீழ்த்தளம் உண்டு: எம்பெடெட் கன்ட்ரோலர் என்கிற சின்னச் சில்லு. பவர் பட்டன், கீபோர்டு, ஃபேன், பேட்டரி சார்ஜ் எல்லாம் அதன் பொறுப்பு. அதன் ஃபர்ம்வேர் சில மாடல்களில் அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் பயாஸ் இருக்கும் ஃபிளாஷிலேயே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டாலும் அது அசையாது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சுதந்திரம் மேல்மாடியோடு நின்றது. கீழ்த்தளத்துச் சாவி யாரிடம் என்று நாம் கேட்டுப் பழகவில்லை.

கேட்க வேண்டிய அவசியம் பேட்டரி செத்த பிறகுதான் புரியும். 2012-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230-இல் வேறு கம்பெனி பேட்டரியைப் போட்டால், அது ஆதரிக்கப்படாத பேட்டரி என்று சொல்லி கன்ட்ரோலர் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். ஆர்வலர்கள் ஃபர்ம்வேரைத் திருத்தித்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள், ‘உன் பேட்டரியை ஏத்துக்க மாட்டேன்’ என்றால் அது யாருடையது?

உடனே ‘பூட்டே வேண்டாம்’ என்று சொல்லிவிடவும் முடியாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. கன்ட்ரோலருக்குள் புகுந்த கள்ள நிரலை எந்த ஆன்ட்டிவைரஸும் எளிதில் பார்க்காது. கீபோர்டில் அடிக்கும் கடவுச்சொல் அந்தச் சில்லைத் தாண்டித்தான் போகிறது. பூட்டு தேவை. யாருக்கு எதிராக என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு நேர்மையான பதிலை குரோம்புக்கில் பார்க்கலாம். அதன் கன்ட்ரோலர் ஃபிளாஷை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதி படிக்க மட்டும்; மறுபாதியை அப்டேட் செய்யலாம். அப்டேட் கெட்டுப்போனால் முதல் பாதி காப்பாற்றும். அந்த முதல் பாதியைக் காவல் காப்பது, பழைய மாடல்கள் பலவற்றில், போர்டில் இருக்கும் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் எழுதும் தடை நீங்கும். எங்கோ உட்கார்ந்து இணையம் வழியாக வருகிற திருடனால் திருகாணியைக் கழற்ற முடியாது. மெஷினைக் கையில் வைத்திருக்கிறவரால் முடியும். மூல நிரலும் பொதுவில் கிடைக்கிறது. ஒரு ஃபிளாஷை எப்படிப் பங்கு போடுவது என்பது பொறியியல் முடிவு மட்டுமல்ல, ஓர் அறமுடிவும்கூட என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

‘ஐயங்கார்குளத்துல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஃபர்ம்வேரையா படிக்கப்போவுது?’ என்று கேட்கலாம். படிக்க வேண்டியதில்லை. கிணற்றில் எல்லோருமா தூர்வாருகிறார்கள்? தெரிந்த நாலு பேர் இறங்கத் தடையில்லாமல் இருந்தால் ஊருக்கே தண்ணீர் கிடைக்கும். காஞ்சிபுரம் கடையில் ஒரு மெக்கானிக் வேறு பேட்டரியைப் போட்டு அந்த மடிக்கணினியை இன்னும் மூன்று வருஷம் ஓட வைக்க முடிந்தால் போதும், அந்தச் சுதந்திரத்தின் பயன் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்துவிடும்.

பூட்டைச் செய்கிற தொழிலில் இருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திருகாணியை வீட்டுக்குள் வைத்தாயா, வெளியே வைத்தாயா?