அப்பாருக்குத் தெரிந்தவை

கல்யாணமோ காதுகுத்தோ, எங்கள் சொந்தத்தில் நாலு பேர் கூடிவிட்டால் அப்பாரைப் பற்றிய, அதாவது தாத்தாவைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. அந்தப் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். வெடியால எந்திரிச்சாருன்னா பொழுதிறங்குற வரைக்கும் காட்டுலயே கெடப்பாரு, கம்மங்கூழைக் குடிச்சுட்டே இத்தனை பூமியைத் திருத்துனாரு, ஒரு நாள் சும்மா உக்காந்து பாத்ததில்ல. பெரியப்பா சொல்வார், சித்தப்பா தலையாட்டுவார். கடைசியில் யாராவது ஒருவர் பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பி, "உங்களால ஆகுமா?" என்று கேட்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அப்பாரு அப்படித்தான் உழைத்தார். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு ஒரு மனக்குறை வளர்ந்துகொண்டே வருகிறது. அந்தப் பேச்சில் வரும் அப்பாருக்கு முதுகும் கையும்தான் இருக்கின்றன. நான் பார்த்த அப்பாரோ சதா யோசித்துக்கொண்டே இருந்தவர். வேலையைத் தொடங்கும் முன் வரப்பில் குந்தி, நிலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரை அவர் பட்ட பாட்டைக் கொண்டு மட்டும் நினைவில் வைத்தால், அவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பட்ட பாடு அவரோடு முடிந்தது. தெரிந்திருந்த விஷயம் எங்களுக்கு வந்திருக்க வேண்டியது.

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய வருஷம் என்று பேசிக்கொள்ளும் சீமை. கிணற்றுத் தண்ணீர் பாயும் நிலம் தோட்டம். வானம் பார்த்தது காடு. அந்தக் காட்டில் ஒரு பங்கை மாடு மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டி விட்டிருப்பார்கள். அதுதான் கொறங்காடு. வெளியூர்க்காரர் பஸ்ஸில் போகும்போது பார்த்தால் தரிசாய்க் கிடக்கும் முள்ளுக்காடு என்றுதான் நினைப்பார். உண்மையில் அது மனிதர் யோசித்து உண்டாக்கியது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல், ஒரு தடவை பிடித்துக்கொண்டால் காய்ச்சலில் கருகிக் கிடந்தாலும் அடுத்த மழைக்கு வேரிலிருந்து கிளம்பிவிடும். நடுநடுவே வெள்வேல் மரங்கள். கோடையில் புல் தீர்ந்துபோகும் சமயத்தில்தான் வெள்வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைத் தின்றுதான் ஆடி மாத மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். தின்ற காயின் விதை சாணத்தோடும் புழுக்கையோடும் அதே மண்ணுக்குத் திரும்பிவிடும்.

மழை பெய்து புல் தழைத்ததும் மாட்டை உள்ளே ஓட்டத்தான் யாருக்கும் கை வரும். அப்பாரு விடமாட்டார். பூத்து விதை சிந்தட்டும் என்று படலைக் கட்டி வைத்துவிடுவார். காட்டை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார். எந்தத் துண்டு எப்போது திறக்கும் என்பதற்கு எழுத்தில் எந்தக் கணக்கும் கிடையாது. புல்லின் உயரம், தாளின் நிறம், சாணம் இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்பது வரைக்கும் பார்த்து முடிவுசெய்வார். "மாடு திங்கறதுக்கு முன்னால மண்ணு தின்னோணும் சாமி" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். அப்போது எனக்கு விளங்கவில்லை. விதையும் சருகும் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே மேய்ச்சல் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். இன்று மேய்ச்சல் நில மேலாண்மை என்று கல்லூரியில் பாடமாக நடத்துவதில் பெரும்பகுதி இந்தப் படலைத் திறப்பதிலும் சாத்துவதிலும் இருந்தது.

காங்கயம் மாட்டின் பெயர் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. அந்த இனத்தைச் செம்மைப்படுத்தியவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் என்று புத்தகங்களில் இருக்கிறது. நியாயமான பெருமைதான். ஆனாலும் ஒரு இனம் நிலைத்து நிற்பதற்கு ஊருக்கு ஊர் கொறங்காடு வைத்திருந்த சின்னக் குடியானவர்களும் வேண்டியிருந்தது. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் மயிலையாக மாறும். அந்த மாற்றத்தின்போதே இது பொலிகாளைக்கு ஆகுமா, ஏருக்கு ஆகுமா, வண்டிக்கு ஆகுமா என்று அப்பாரு கணித்துவிடுவார். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தைக்குப் போனால் முதல் நாள் மாட்டைத் தொடவே மாட்டார். நடக்கவிட்டு, தண்ணி குடிக்கவிட்டு, படுக்கவிட்டுப் பார்ப்பார். சுழி பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. நான் கவலையைக் கண்ணால் பார்த்தவனில்லை. அவர் சொல்லக் கேட்டதுதான். கிணற்றுமேட்டிலிருந்து சரிவாக இறங்கும் தடத்தில் ஒரு ஜோடி மாடு முன்னே போகும், சால் மேலே வரும். ஓட்டுகிறவர் தானும் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் மேலே வந்ததும் அடியில் இருக்கும் தோல் தும்பியின் வாய் திறந்து தண்ணீர் வாய்க்காலில் விழும். மாடு பின்னாலேயே நடந்து மேடேறும். பின்புறமாகவே சரிவில் ஏற மாட்டைப் பழக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இந்த வேலையைக் குடும்பத்தார் "விடிய விடிய இறைச்சாரு" என்ற மூன்று வார்த்தைக்குள் அடக்கிவிடுகிறார்கள். எந்த நேரத்தில் நிறுத்தினால் ஊற்று சுரந்து கிணறு மறுபடி நிறையும், எந்தப் பாத்தி எத்தனை சாலில் நனையும் என்பதெல்லாம் அந்த இரவுகளுக்குள் இருந்தன.

1960-களில் எங்கள் தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. மோட்டார் வைத்தபோது அப்பாரு மிகவும் சந்தோஷப்பட்டார்; மாட்டுக்கும் மனிதருக்கும் இடுப்பு தப்பித்தது என்றார். கரண்டுக்காகப் போராடவும் செய்தார். யூனிட்டுக்கு இரண்டு பைசா கூட்டியதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். 1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூரை மாட்டுவண்டிகள் நிறைத்தபோது எங்கள் வண்டியும் அதில் இருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் கூட்டத்தைப் பற்றியோ கோஷத்தைப் பற்றியோ அதிகம் சொல்லமாட்டார். வழியில் எங்கே மாட்டை அவிழ்த்தார்கள், எந்த ஊர்க்காரர் தண்ணித்தொட்டியை நிரப்பி வைத்திருந்தார், எந்த மாடு காலைத் தாங்கியது என்பதுதான் அவருக்கு ஞாபகம்.

அதே அப்பாருதான் மோட்டார் வந்த சில வருஷங்களிலேயே கிணற்றைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியவரும். மாட்டின் நடைக்கு ஊற்று ஈடுகொடுத்தது. மோட்டாரின் வேகத்துக்கு முடியவில்லை. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகு அக்கம்பக்கத்தில் போர் போடுவது பெருகியது. இன்று எங்கள் பக்கம் ஆயிரம் அடி என்பது சர்வசாதாரணம். அந்த மின்சாரம் இல்லாமல் எத்தனையோ குடும்பம் நிலத்தை விட்டே போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகப் போராடியவர் அதைக் குறை சொல்லவில்லை. மோட்டாரை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் கடைசிவரை மகன்களிடம் விடாமல் தன் கையிலேயே வைத்திருந்தார். அதைப் பிடிவாதம் என்று வீட்டில் சொன்னார்கள். அது கவலை ஓட்டியபோது கற்றது என்று நான் நினைக்கிறேன்.

அப்பாரு தனியாக உழைத்தவரில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குடும்பப் பேச்சில் இது வருவதே இல்லை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டியவர்கள் வெளியூரிலிருந்து வந்து தங்கிய போயர் குடும்பங்கள். தும்பிக்குத் தோல் பதப்படுத்தித் தைத்தவர் அருந்ததியர் தெருவைச் சேர்ந்த ஒருவர். எங்கள் தோட்டத்தில் வருஷக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தவர் அவருடைய தம்பி. அந்தத் தம்பியிடம் கேட்காமல் அப்பாரு ஒரு கன்றைக்கூட வாங்கியதில்லை. மாட்டின் கண்ணைப் பார்த்தே சீக்கு சொல்லிவிடுவாராம். அப்பாரே அதைப் பல தடவை வியந்து சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் கடைசிவரை வாசலுக்கு வெளியேதான் சாப்பிட்டார். அவருக்கென்று தனியாக ஒரு வட்டல் மாட்டுச்சாளையில் செருகியிருக்கும். அறிவை மதித்த வீடு, அந்த அறிவு குடியிருந்த ஆளை மதிக்கவில்லை. அப்பாரு நல்லவர் என்று சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இதைச் சொல்வதால் அவர்மேல் எனக்குள்ள பிரியம் குறைந்துவிடுவதுமில்லை.

எங்கள் பாட்டி, ஆத்தாவும் அப்படித்தான் பேச்சிலிருந்து விடுபட்டுப்போகிறார். களத்தில் கம்பு குவிந்ததும் விதைக்கான கதிரைப் பொறுக்குவது ஆத்தாதான். அதில் அப்பாரு கை வைக்கமாட்டார். விதையை ஆத்தாவே சாம்பல் போட்டு மொடாவில் அடைத்து வைப்பார். எந்த வருஷத்து விதை, எந்த மூலையில் விளைந்தது என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

கடைசி வருஷங்களில் அப்பாருக்கு முட்டி வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. கயிற்றுக்கட்டிலை வேம்படியில் போட்டு உட்காரவைத்தோம். இனியாவது ஓய்வாக இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னோம். அன்பில்தான் சொன்னோம். அவரோ வருகிற ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். கெழக்குத் துண்டுல புல்லு எந்த மட்டம், காய் உதிருதா, வேலி எங்க சந்தாயிருக்குது. பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. நேரம் இருந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. வேலை செய்ய முடியவில்லையே என்று ஏங்குகிறார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். தனக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லையே என்ற ஏக்கமாகத்தான் எனக்கு அது இப்போது படுகிறது. முதுமைக்கு ஓய்வு கொடுத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். கேள்வி கேட்கும் ஒரு பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த முட்டிவலியை அவர் இன்னும் கொஞ்சம் லேசாகத் தாங்கியிருப்பார்.

அவர் போன சில வருஷத்தில், 2016-ல், வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. எங்கள் பக்கம் மாட்டை வந்த விலைக்கு ஓட்டிவிட்டவர்கள் பலர். எங்கள் வீட்டு ஆடுகளும் மிச்சமிருந்த ரெண்டு மாடும் அந்தக் கோடையைக் கடந்தது பெருமளவு வெள்வேலங்காயால். அந்த மரங்களை விறகுக்கு விலை பேசி வந்தவர்களை அப்பாரு ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியிருந்தார். பணம் தேவைப்பட்ட காலத்திலும் அனுப்பியிருந்தார். அப்போது பெரியப்பாவுக்கு அதில் கோபம்கூட உண்டு.

இப்போது கொறங்காட்டைச் சூரிய மின்தகடு போட வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். பங்காளிகளுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் எல்லோரும் இல்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போன எங்கள் தலைமுறையை அங்கே அனுப்பியதே அப்பாருதான். "இந்தப் பாடு உங்களோட போவட்டும்" என்று அவர் எங்கள் அப்பன்மார்களிடம் சொன்னதுண்டு. பேரன்கள் மண்வெட்டி பிடிக்கவில்லை என்று அவர் வருந்தியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே "உங்களால ஆகுமா?" என்ற அந்தக் கேள்வியை அவர் பெயரால் கேட்பது சரியில்லை என்றே தோன்றுகிறது. அவர் எங்களிடம் கேட்டதெல்லாம் புல் எந்த மட்டம் என்பதுதான்.

பெரியப்பாவும் நானும் பேசி, நாலு துண்டில் இரண்டையாவது அப்படியே வைத்திருப்பது என்று மற்றவர்களையும் ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். தெற்கு வேலி இற்றுப்போய்க் கிடக்கிறது. மழைக்கு முன்னால் கிளுவைக் கொம்பு வெட்டி நட வேண்டும். எந்தப் பருமனில் வெட்டுவது, எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று பெரியப்பாவுக்கு நிச்சயமில்லை. பண்ணையத்தில் இருந்தவருடைய மகனுக்குத் தெரியும். திருப்பூரில் வேலையில் இருக்கும் அவரிடம் போனில் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து காட்டுவதாகச் சொன்னார். அவருக்கு எங்களோடு உள்ளேதான் இலை போட வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா கொஞ்ச நேரம் கழித்து, அவர் கொள்ளுப்பருப்பு சாப்பிடுவாரா என்று கேட்டார்.