தாயன்பிற்குக் கூலியா?

பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமம் ஒன்றில், சத்சங்கம் முடிந்ததும் முதியவர் ஒருவர் கேட்டார்: "சுவாமிஜி, பெற்ற பிள்ளையைப் பேணுவதற்கு அரசாங்கத்திடம் பணம் வாங்கலாமா? சேவை கூலியாகிவிடாதா?"

அவர் குறிப்பிட்டது கேரள அரசின் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தை. படுக்கையில் கிடக்கும் நோயாளியை முழுநேரமும் கவனிப்பதால் வேறு வேலைக்குச் செல்ல இயலாதவருக்கு அளிக்கப்படும் உதவித்தொகை அது. பல ஆண்டுகள் மாதம் 600 ரூபாயாகவே இருந்தது. நாளொன்றுக்கு 20 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலங்கள் உண்டு. கூலி என்று அஞ்சுவதற்குரிய தொகையே அன்று! ஆயினும் கேள்வி சிறியதன்று.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் தர்மவியாதரை நாம் அறிவோம். மிதிலையில் இறைச்சி விற்றவர். தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்றியவர். கௌசிகர் என்ற அந்தணர் அவரைத் தேடிச் சென்று தர்மம் கேட்டார். அந்தச் சேவையை வியக்கும் நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவருக்கு ஒரு கடை இருந்தது. பகலில் பொருளீட்டி, வீடு திரும்பிப் பெற்றோரைப் பேண அவரால் முடிந்தது. மூளை முடக்குவாதத்தால் தலை நிற்காத இருபது வயது மகனைப் புரட்டிப் படுக்கவைத்து, சோற்றை மசித்து ஊட்டும் தாயால் வாசலைத் தாண்ட இயலாது. சேவையே அவளது பிழைப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. அவளது அன்புக்கு யாரும் விலை தரவில்லை. இழந்த பிழைப்பில் ஒரு சிறு பங்கே திரும்பி வருகிறது.

இது தானமா, கடனா? எல்லைக் கிராமத்தில் இக்கேள்வி கூர்மையாகிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்தில் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. உறவினர்கள் இருபுறமும் உள்ளனர். கடும் பாதிப்புடையோருக்கான பராமரிப்புத் தொகையைத் தமிழக அரசு 2,000 ரூபாயாக்கியது. கேரளத்தில் மாற்றுத்திறனாளிகளும் பெறும் சமூகநல ஓய்வூதியம் அப்போது 1,600 ரூபாய். 2025 நவம்பரில்தான் 2,000 ஆயிற்று. தானம் எனில் கொடுப்பவர் விருப்பப்படி அளவு மாறலாம். ஏன் என்று கேட்க இடமில்லை. கடன் எனில் காரணம் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் படியைப் பற்றியும் பேசுகிறது. அதன் பெயரிலேயே 'உரிமை' என்ற சொல் இருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். படுக்கைப் புண்ணுக்கு எல்லைக்கோடு தெரியாதல்லவா?

"அப்படியானால் வாங்கலாம் என்கிறீர்கள்" என்றார் முதியவர்.

"தாராளமாக வாங்கலாம், ஐயா. அந்தத் தாய் பஞ்சாயத்து அலுவலகம் சென்றுவர வேண்டுமானால், அதுவரை அப்பிள்ளையின் அருகில் யார் அமர்வது?"

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, எந்தக் கிழமை என்று கேட்டார்.