ஊசியும் சம்மதமும்

‘என் உடல், என் உரிமை’ என்ற வாசகத்தை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் 2021இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு எதிராகத் தெருவில் நின்றவர்கள் அதே வாசகத்தை அட்டையில் எழுதிப் பிடித்திருந்த படங்களைப் பார்த்தபோது, வீட்டில் களவுபோன குடத்தை அடுத்த தெருவில் கண்டதுபோல் இருந்தது. கருக்கலைப்பு உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் சொல்லிச் சொல்லித் தேய்த்த வாசகம் அது.

அந்த ஆண்டு இணையவழி வகுப்பில் பெண்ணியத் திறனாய்வு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், நம்ம உடம்பு நம்ம உரிமைன்னு நீங்கதான சொல்றீங்க. எங்கம்மா ஊசி வேண்டாம்னு சொல்றாங்க. அது மட்டும் எப்படித் தப்பாகும்?” அவளுடைய அம்மா நெய்வேலியை ஒட்டிய கிராமத்திலிருந்து நகரியத்துக்குள் வீட்டுவேலைக்கு வருபவர்.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்ற முடிவு ஒருத்தியின் உடலுக்குள் நடப்பது. மூச்சு அப்படியல்ல, பக்கத்தில் இருப்பவரிடமும் போய்விடும். ஆகவே இரண்டும் ஒரே உரிமை ஆகாது. இந்தப் பதிலை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டது சரி, போட்டுக்கொள்ளச் சொன்னதும் சரி. ஆனால் இது அட்டை பிடித்து நின்றவருக்கான பதில். அந்த அம்மாவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் உரிமை பற்றிப் பேசவே இல்லை. அவர் சொன்னது வேறு: “ரெண்டு நாள் காய்ச்ச அடிக்குமாம். நான் படுத்துட்டா யாரு சோறாக்குவா? வேலைக்கு வரலைன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க.”

நம் ஊரில் மறுப்பு என்பது ஒரே பொருள் அல்ல என்பதை அந்த ஆண்டின் மாதங்களே காட்டின. ஜனவரி 16இல் நாடு முழுவதும் தடுப்பூசி தொடங்கியது. முதல் வரிசையில் கைநீட்டியவர்கள் சுகாதாரப் பணியாளர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள். கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனை முடியுமுன்பே அனுமதி தரப்பட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தனியாக ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். செவிலியர் ஒருவர் தயங்கினால் அதற்குப் பெயர் அறியாமையா? படித்தவர் என்பதால்தானே தயங்கினார்? இன்னொரு பக்கம், இது குறிப்பிட்ட கட்சியின் ஊசி, எனக்கு வேண்டாம் என்று உத்தரப்பிரதேசத்தில் ஒரு முன்னாள் முதல்வர் அறிவித்தார். சான்றிதழில் பிரதமரின் படம் அச்சானது. மருந்துப் புட்டிக்கும் கட்சிச் சாயம் பூசிவிட்டால் அப்புறம் சந்தேகமும் சாயத்தோடுதான் வரும்.

ஏப்ரலில் நடிகர் விவேக். மக்களுக்குத் துணிச்சல் வரட்டும் என்று 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மறைவு. அவர் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். இடையில் ஆறு மாதம்! அந்த ஆறு மாதத்தில் டீக்கடையும் வாட்ஸ்அப்பும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டன.

அதே ஏப்ரலில் பெண்களுக்கென்றே ஒரு செய்தி சுற்றியது: மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் ஊசி போடக் கூடாதாம். அரசு உடனே மறுத்தது. மறுப்பு சரியானதே. ஆனால் ஊசிக்குப் பின் மாதவிடாய் தள்ளிப்போனதாக, அதிகமாகப் போனதாகப் பெண்கள் சொன்னபோது அதையும் அந்த வதந்தியின் கணக்கிலேயே சேர்த்து ஒதுக்கினார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது: சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீள்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது, கவலைப்பட ஏதுமில்லை. எவ்வளவு எளிய பதில்! இதை முதலிலேயே சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், சோதனைகளில் பெண்களிடம் மாதவிடாய் பற்றி வழக்கமாகக் கேட்பதே இல்லை என்பதுதான். கேட்காத கேள்விக்கு வதந்தி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

‘மலடாக்கிவிடும்’ என்ற பேச்சையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்த வீடுகளில் அது அதிகம் புழங்கியது. அது பொய். ஆனால் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? குடும்பக் கட்டுப்பாடு என்றாலே தமிழ்நாட்டில் பெண்ணுக்குத்தான் அறுவை. ஆண் செய்துகொள்வது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்கூட இருக்குமா தெரியாது. பிரசவ மேசையில் கிடக்கும்போதே “ரெண்டு போதும், ஆபரேஷன் பண்ணிடலாமா” என்று கேட்டு, முனகலைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட கதைகளை நம் அம்மாக்கள், அத்தைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரசு தன் உடலைத் தேடி வந்தபோதெல்லாம் கருப்பையைத் தேடித்தான் வந்தது என்று ஒரு தலைமுறைக்கு நினைவிருந்தால், புதிய ஊசியையும் அந்த நினைவால்தான் அளப்பாள்.

நெய்வேலிக்கு இன்னொரு நினைவும் உண்டு. ‘பொது நன்மை’ என்ற சொல் இங்கே எல்லோருக்கும் பழக்கம். 1950களிலிருந்து சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் கொடுத்த வட்டாரம் இது. நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும், நீங்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். நகர்ந்தார்கள். வாக்களித்த வேலையும் இழப்பீடும் பற்றிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை; 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரத்தை இறக்கினார்கள். சுரங்கமும் தடுப்பூசியும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்பவருக்கே முதலில் நன்மை, நிலம் கொடுத்தவருக்கு அப்படியில்லை. ஆனால் ‘எல்லோருக்காகவும் நீ’ என்று கேட்கும் குரல் ஒன்றுபோல்தான் காதில் விழுகிறது. அந்தக் குரலை நம்பிக் கெட்டவர்கள் அடுத்த முறை தயங்குவதை விஞ்ஞானத்துக்கு எதிரானது என்று வகைப்படுத்த முடியவில்லை என்னால்.

முன்னெச்சரிக்கை நம் பெண்களுக்குத் தெரியாததும் அல்ல. அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டில் தாளிப்பு இல்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளியைத் தனியே வைத்துப் பார்ப்பார்கள். போலீஸ் தடியில்லாமல் நடந்த தனிமைப்படுத்தல். பார்த்துக்கொண்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை, அம்மாதான். (2020இல் ‘சமூக இடைவெளி’ என்ற சொல் வந்தபோது, சேரியென்றும் ஊரென்றும் இடைவெளி விட்டே வாழும் சமூகத்தில் வேறு சொல் கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்டோம். ‘உடல் இடைவெளி’ என்றிருந்தால் போதும்.)

மே மாத இரண்டாம் அலை எல்லாவற்றையும் புரட்டியது. ஜூனில் அதே மக்கள் டோக்கனுக்காக விடியுமுன் வரிசையில் நின்றார்கள், ஊசிதான் இல்லை. இடம் பிடிக்கக் கைபேசியும் கோவின் தளமும் வேண்டும். வீட்டில் ஒரே கைபேசி என்றால் அது யாருடைய சட்டைப்பையில் இருக்கும்? அந்த மாதங்களில் நாட்டளவில் ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே ஊசி போட்டிருந்தார்கள். செப்டம்பர் 12இல் தமிழக அரசு மாபெரும் முகாம்களைத் தொடங்கியது. ஞாயிறுகளில் நடந்தது. கறியும் சாராயமும் எடுக்கும் நாளில் ஊசி ஆகாது என்று ஆண்கள் வரவில்லை என்பதால் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. குடிக்கும் ஆணின் தயக்கத்துக்கு அரசு நாள்காட்டியையே திருத்துகிறது. இரண்டு நாள் கூலி போகுமே என்ற பெண்ணின் தயக்கத்துக்குக் கூலியோடு விடுப்பு என்று ஓர் ஆணை போட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பதிலாக வந்தது கட்டாயம். ஊசி போடாதவர் பொது இடத்துக்கு வரக் கூடாது என்று ஆண்டின் கடைசியில் உத்தரவுகள். நகரியத்திலும் கேட்டார்கள்: “ஊசி போட்டாச்சா? சர்டிஃபிகேட் இருந்தா உள்ள வா.” வீட்டுவேலைக்கு வருபவரிடம் இப்படிக் கேட்ட வீட்டுக்காரர்கள், தாங்கள் போட்டுவிட்டோமா என்பதை அவரிடம் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. மூச்சு இரு பக்கமும் போகும் என்றால் கேள்வியும் இரு பக்கமும் போயிருக்க வேண்டும். 2022 மே 2இல் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றது. அதோடு, பொதுநலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும், போடாதவர்தான் அதிகம் பரப்புகிறார் என்பதற்கு அரசுகள் சான்று காட்டவில்லை என்றும் சொன்னது. இருசாராரும் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

என் மாணவியின் அம்மா ஊசி போட்டுக்கொண்டார், உத்தரவுகளுக்கு முன்பே. அவர்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் மூன்று முறை வீட்டுக்குப் போனார். மூன்றாம் முறை சொன்னாராம்: “அக்கா, காய்ச்ச வந்தா மாத்திரை தர்றேன், ராத்திரின்னாலும் போன் பண்ணுங்க, நான் வர்றேன்.” வாதம் எதுவும் இல்லை. பொறுப்பு ஏற்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,400-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணியை 2022 டிசம்பர் 31உடன் முடித்து அனுப்பினார்கள். நம்பிக்கை என்பது ஆள் வைத்துச் செய்கிற வேலை என்பது நிதித்துறைக் கணக்கில் வராது போலிருக்கிறது.

2024இல் கோவிஷீல்டு மிக அரிதாக இரத்தம் உறையும் சிக்கலை உண்டாக்கலாம் என்று அஸ்ட்ராஜெனகா பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் “அப்பவே சொன்னோம்ல” என்ற குரல்கள் திரும்பின. ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. பதிவானவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதுக்குட்பட்ட பெண்கள் என்றும் சொன்னது. கோடிக்கணக்கில் ஊசி போட்ட நம் பெண்களிடம் அதை எந்த முகாமில் சொன்னார்கள்? சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பது, பெண்ணிடம் அவள் நோயைச் சொல்லாமல் கணவனைத் தனியே அழைத்துச் சொல்லும் பழைய மருத்துவரின் குணம்.

இதெல்லாம் முடிந்துபோன கதை இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வர வேண்டிய ஊசி, தாமதமாக வருகிறது. இதே ஊசியின் ஆய்வு 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்தபோது விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டார். பிறகு நேர்ந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. ஊசியில் பிழை இல்லை, கேட்ட விதத்தில் பிழை. அதற்கே அந்த ஊசி இத்தனை ஆண்டுகள் சந்தேகத்தைச் சுமந்தது.

நம் பள்ளிகளுக்கும் அந்தப் படிவம் வரும். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும். அதன் கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கும் ஒரு கோடு வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாம் கேட்கலாம். சட்டப்படி அது செல்லாது. ஆனால் அந்தக் கோடு இருந்தால், அது எதற்கான ஊசி என்று அவளிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியாக வேண்டியிருக்கும்.