முதல்நாள் இரக்கமும் பத்தாம் ஆண்டுக் கடமையும்

பேரிடர் நேர்ந்த அன்று கண்ணீர் விடாதார் யார்? கைப்பொருளில் ஒரு பங்கு ஈயாதார் யார்? ஆயினும், அக்கண்ணீர் உலர்ந்த பின்னரும் நமக்குக் கடமை எஞ்சுகின்றதா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுமாத்திராக் கடலடியில் எழுந்த நிலநடுக்கம், ஆழிப்பேரலையாகி ஆச்சே, நாகப்பட்டினம் முதலிய கரைகளை அழித்தது. நம் பினாங்கும் தப்பவில்லை. உலகம் வாரி வழங்கிற்று. மாண்டோர் எண்ணப்பட்டனர், இடிந்த வீடுகள் எண்ணப்பட்டன. தாய் தந்தையரை இழந்து நின்ற வாலிபப் பிள்ளைகளின் பிற்காலத்தைத் தொடர்ந்து நோக்கியோர் சிலரே.

அச்சிலர் கண்டதென்ன? ஐந்தாண்டுகளுக்குப் பின், ஆச்சேயில் பெற்றோரை இழந்த சிறு குழந்தைகளைக் காட்டிலும், பேரிடரின்போது பதினைந்து முதல் பதினேழு வயதாயிருந்தோரே மிகுதியாக இழந்திருந்தனர். ஆண்பிள்ளைகளின் கல்வி குன்றிற்று. உழைப்புச் சுமை ஏறிற்று. பெண்பிள்ளைகள் கல்வி குறைந்து மணவாழ்வு புகுவது மிகுந்தது. குழந்தையைத் தூக்க நாலு கை நீளும். வளர்ந்த பிள்ளையின் தோளிலோ நாம் பாரத்தையே ஏற்றுகின்றோம்.

உடலும் எளிதில் மறப்பதில்லை. பேரலை தாக்கிய ஆச்சேக் கரையூர்ப் பெண்களின் தலைமயிரைப் பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, நெருக்கடியைத் தாங்கச் சுரக்கும் கார்டிசால், பேரலை தாக்காத ஊர்ப் பெண்களினும் குறைந்திருந்தது. நெடுநாள் துன்புற்ற உடல் களைத்துவிட்டது என்பது அறிஞர் கருத்து.

"எல்லாம் தலைவிதி, காலம் ஆற்றிவிடும்" என்பார் உளர். காலம் தானே மருந்தாகுமாயின் எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே தேறியிருத்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு ஆர்மீனியாவை நிலநடுக்கம் குலைத்த பின், கியூம்ரி நகரப் பள்ளிகள் சிலவற்றில் இளம்பிள்ளைகளைப் பேசச் செய்து, துயரைப் பகிரச் செய்து, மனச்சிகிச்சை அளித்தனர். அதனைப் பெற்றோருக்கு அச்சநோய் தணிந்தது. பெறாதோருக்கோ அதுவும் மனச்சோர்வும் வளர்ந்தன. இருசாராருக்கும் கழிந்த காலம் ஒன்றே. வேறுபட்டது மனிதர் செய்த உதவியே. ஆகலின், விதியின்மேற் பழி சுமத்துதல் நம் சோம்பலை மறைக்கும் போர்வையேயாகும்.

அங்ஙனமாயின் கடமை எதுவரை? இடர் நேராதிருந்தால் அப்பிள்ளை எங்கு நின்றிருக்குமோ, அவ்விடத்தை எட்டும் வரை என்போம். இரக்கம் நம் நெஞ்சின் பாரத்தை இறக்குவது. கடமையோ பிறர் நெஞ்சின் பாரத்தை இறக்குவது. முன்னது ஒருநாளில் முடியும், பின்னது முடியாது.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவுகின்றோம். நனைந்த அலமாரிக்குக் கணக்கெழுதுகின்றோம். மழையொலி கேட்டதும் உறக்கம் கலைந்து எழும் பதினைந்து வயதுப் பிள்ளையின் அருகமர்ந்து, "என்னப்பா?" எனக் கேட்டோமா? தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் அக்கேள்விக்குப் பொருட்செலவில்லை. அடுத்த மழைக்கு முன் கேட்போமாக.